மூன்று முறை கூப்பிடுங்கள்

என் அண்ணன் கார்னெட் அறுபத்தேழு வயதுவரை மலைமேல் இருக்கிற ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குள் கால் வைத்ததில்லை. எல்க்டனில் அவன் வீட்டு முற்றத்தில் நின்றாலே மலை முழுவதும் தெரியும். வெளியூர்க்காரர்கள் நாள் முழுக்கக் கார் ஓட்டிவந்து பார்த்துவிட்டுப் போகிற இலையுதிர்கால நிறங்களை அவன் கோழித் தொழிற்சாலையின் பின்வாசலில் நின்று, சிகரெட் பிடித்தபடி, முப்பத்தொன்பது வருஷம் பார்த்தான். மேலே மட்டும் போனதில்லை. யாராவது கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

"எங்க வீட்டுக்குப் போறதுக்கு நான் எதுக்கு டிக்கெட் வாங்கணும்?"

அந்த வீட்டில் அவனும் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை. அம்மா பிறந்தாள். 1936 நவம்பரில், அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது, அம்மாவின் குடும்பப் பெயரையே கொண்ட டோவல் பள்ளத்தாக்கிலிருந்து அவர்களை இறக்கினார்கள். மலையைப் பூங்காவாக்கப் போகிறோம், கிளம்புங்கள் என்று ஷெரீப்பின் போலீஸ் ஆட்கள் லாரியோடு வந்தார்களாம். கட்டில், அடுப்பு, இரண்டு பன்றி, ஐந்து பிள்ளைகள் எல்லாம் ஒரே லாரியில். அது முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டார்கள். யாரும் திரும்பி வந்துவிடக் கூடாதே. அம்மா இதையெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்வாள்.

டெஸ்ஸி பெரியம்மாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கை நின்றுவிடும். அம்மாவுக்கு மூத்தவள், அப்போது பத்தொன்பது வயது. லாரியில் ஏறமாட்டேன் என்று சோளக் களஞ்சியத்துக்குள் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். அவளுக்காக லாரி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் கதவைப் பெயர்த்து, கையை ஒருவன், காலை ஒருவன் பிடித்துத் தூக்கிவந்தார்கள். ஒருவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். அந்நியரிடம் அவள் பேசமாட்டாள். கீழே கொண்டுபோய்க் கேட்ட கேள்வி எதற்கும் வாயைத் திறக்கவில்லை என்பதால், ஒரு டாக்டர் 'புத்தி குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெற்கே ஓர் அரசாங்க விடுதியில் அடைத்தார்கள். பிள்ளை பெறாதபடி அறுவை செய்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் அங்கே துணி துவைத்துவிட்டு அங்கேயே செத்தாள். கல்லறைக் கல்லில் ஓர் எண்தான் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்லோன் என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். நான் பள்ளிச் சமையற்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்; செவ்வாய்க்கிழமைகளில் ஊர் நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். பழைய மலைக் குடும்பங்களைப் பற்றி யாரிடம் கேட்கலாம் என்று அங்கே விசாரித்தாளாம், என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். பூங்காச் சாலையில் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு வழிநெடுகக் கதை சொல்கிற ஓர் ஆப் தயாரிக்கிறார்கள். கார் ஓரிடத்துக்கு வந்ததும் போன் தானாகவே அந்த இடத்தின் கதையைச் சொல்லும். வழிகாட்டி வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

"உண்மையான குரல்கள் வேணும் எங்களுக்கு," என்றாள்.

என் சமையலறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் சுட்ட கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டாள். டெஸ்ஸி பெரியம்மாவின் கதையைக் கேட்டு நிஜமாகவே அழுதாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையை யாராவது பிடித்து எத்தனையோ காலமாகியிருந்தது. அவள் நீட்டிய தாளில் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

போன அக்டோபரில் ஆப் வெளியாகிவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். நான் தனியாகக் கேட்கவில்லை. கார்னெட்டோடு சேர்ந்து, அந்த இடத்திலேயே கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவன் சம்மதிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

"பெரியம்மா பேரை ஆயிரக்கணக்கான பேர் கேக்கப் போறாங்க, கார்னெட். என்ன பண்ணாங்கன்னு எல்லாருக்கும் தெரியப் போகுது. உனக்கு அது வேண்டாமா?"

"அவங்களா சொல்லுவாங்க? அவ்வளவு நல்லவங்களா?"

"நான் சொல்லியிருக்கேன். என் குரல்லயே வருது."

 புதன்கிழமை காலை அவன் சவரம் செய்து, தேவாலயத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியும் வைத்து வாசலில் நின்றான். மனைவி இறந்தபின் அவனை அந்தச் சட்டையில் வார நாளில் நான் பார்த்ததே இல்லை.

பூங்கா வாசலில் டிக்கெட் கூண்டில் இருந்த பெண் சிரித்தபடி, "முதன்முறையா வர்றீங்களா சார்?" என்று கேட்டாள். கார்னெட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பணம் கட்டினேன்.

போன் கார் முகப்பில் ஒட்டியிருந்தது. ஐம்பதடி தாண்டியதும் அதிலிருந்து பாஞ்சோ வாத்தியம் ஒன்று டொய்ங் டொய்ங்கென்று கிளம்பியது.

"வணக்கம் நண்பர்களே! நான்தான் ரஸ்டி! சீட் பெல்ட் போட்டாச்சா? நொறுக்குத்தீனி எடுத்தாச்சா? வாங்க போகலாம்!"

"எந்த ஊர்க்காரன் இவன்?" என்றான் கார்னெட்.

"தெரியல. எங்கயோ மேற்கே இருப்பான்."

"பல்லு ரொம்ப வெள்ளையா இருக்கும்போல. குரல்லயே தெரியுது."

சிரித்தேன். நன்றாகத்தான் ஆரம்பித்தது. முப்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாத சாலை. ஓக் மரங்கள் தாமிர நிறத்தில், நடுநடுவே மேப்பிள் தீப்பிடித்த மாதிரி. ஒரு திருப்பத்தில் கரடிக்குட்டி ஒன்றைப் பார்க்க இருபது கார்கள் நின்றிருந்தன. கார்னெட் கழுத்தை நீட்டி நீட்டி வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

"அம்மா சொன்ன மாதிரி இல்லையே. ஒரே மரமா இருக்கு. இங்கல்லாம் மேய்ச்சல் நிலம்னுதானே சொல்லுவாங்க?"

"எண்பது வருஷத்துல முளைச்சிருக்கும்."

"யாரும் வெட்டலன்னா முளைக்கும்தான்," என்றான்.

ரஸ்டி விடாமல் பேசிக்கொண்டிருந்தான். மலையில் எளிமையான மக்கள் வாழ்ந்தார்களாம். ஆப்பிள் விளைவித்தார்களாம், தேன் எடுத்தார்களாம். அப்புறம், உஷ், யாருக்கும் சொல்லாதீர்கள், கள்ளச்சாராயம்! பாட்டில் மூடி திறக்கிற ஓசை. தாத்தா காய்ச்சியது பொய்யில்லை என்பதால் கார்னெட்டும் உதட்டோரம் சிரித்தான். உடனே ரஸ்டி, "1930கள்ல இந்த மக்கள் புது வாழ்க்கையைத் தேடிக் கீழே இறங்கிப் போனாங்க," என்றான்.

"தேடிப் போனாங்களா?"

"இரு, கார்னெட். என் பகுதி இன்னும் வரல."

டோவல் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு பார்வை மேடை இருக்கிறது. அதற்கு அரை மைல் முன்பு பாஞ்சோ நின்று, காற்று ஊளையிடுகிற ஓசை எழுந்தது.

"குட்டிப் பசங்களா, பயப்பட மாட்டீங்கதானே? இந்தப் பள்ளத்தாக்குல டெஸ்ஸின்னு ஒரு பொண்ணு இருந்தா..."

கார்னெட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்து என் குரல் வந்தது. "ரொம்ப அழகா இருப்பான்னு அம்மா சொல்லுவாங்க." கூடவே என் சிரிப்பு. அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் அவர்கள் எடுத்துக்கொண்டது அந்த ஐந்தாறு வார்த்தைகள்.

மிச்சத்தை ரஸ்டி சொன்னான். டெஸ்ஸிக்கு ஒரு காதலன் இருந்தானாம், மரம் வெட்டுகிறவன். மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. எல்லாரும் இறங்கிப்போனபோது அவள் மட்டும் அவனுக்காகக் காட்டில் ஒளிந்துகொண்டாள். பனி கொட்டியது. வசந்தத்தில் போய்ப் பார்த்தால் அவளுடைய சால்வை மட்டும் ஒரு கிளையில் தொங்கியது.

"இன்னிக்கும் அவ அழுகிற சத்தம் கேக்குதாம்!" ஒரு பெண் விம்மினாள், யாரோ கூலிக்கு அழுதிருப்பாள். "மேடையில வண்டியை நிறுத்துங்க. பள்ளத்தாக்கைப் பார்த்து மூணு தடவை அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. பதில் வருதான்னு கேளுங்க. வீடியோ எடுத்து நமக்கு அனுப்ப மறந்துடாதீங்க!"

"நிறுத்து," என்றான் கார்னெட்.

மேடையில் ஏற்கெனவே நான்கு கார்கள் நின்றிருந்தன. கல் சுவரின்மேல் மூன்று பிள்ளைகள் ஏறி நின்று, வாயைக் கையால் குவித்துக்கொண்டு கத்தினார்கள்.

"டெஸ்ஸீ! டெஸ்ஸீ! டெஸ்ஸீ!"

பள்ளத்தாக்கு அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். ஆரஞ்சுத் தொப்பி போட்ட அப்பாக்காரன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கார்னெட் இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்தபடியே அவனிடம் நடந்தான்.

"தம்பி, பிள்ளைங்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"சாரி சார். சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

"அது இல்ல. அவ என் பெரியம்மா."

"யாரு?"

"டெஸ்ஸி. எங்கம்மாவோட அக்கா."

அந்த ஆள் கார்னெட்டை மேலும் கீழும் பார்த்தான். வெள்ளைச் சட்டை, கால்சட்டையைத் தாங்கும் தோள்வார், வெடித்த கை, தொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்த விதம். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏய், எல்லாரும் இங்க வாங்க! இவரு டெஸ்ஸியோட சொந்தக்காரராம்! ஆப்ல இதுவும் சேத்தியா சார்? பிரமாதமா பண்றீங்க! ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரிலும் சிறியவள் அவன் சட்டையைப் பிடித்து, "அவங்க இப்போ பேயா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றான் கார்னெட். "துணி துவைச்சுக்கிட்டு இருந்தா."

அவள் அம்மா போனைத் தூக்கிப் பிடித்தாள். "சார், முகத்தைக் கொஞ்சம் சோகமா வச்சுக்குங்களேன். ஆமா, அப்படித்தான். அருமை!"

நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தடி தூரம்தான். போய், "இவர் நடிகர் இல்லை, கதை சொன்னவள் நான், நடந்தது வேறு" என்று சொல்லியிருக்கலாம். என் வாய் திறக்கவில்லை. ஐந்து பேர் சிரித்த முகத்தோடு இருக்கிற இடத்தில் போய் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அந்த ஆள் போகும்போது கார்னெட்டின் கையில் ஐந்து டாலர் நோட்டு ஒன்றை அழுத்திவிட்டுப் போனான். கார்னெட் அதைச் சுவர்மேல் வைத்து, பறக்காதபடி மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, கார் வரைக்கும் மெதுவாக நடந்துவந்தான்.

வண்டியைத் திருப்பினேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"நீ அந்த ஆப் பொண்ணுகிட்ட என்ன சொன்ன?"

"எல்லாத்தையும் சொன்னேன். களஞ்சியம், டாக்டர், விடுதி, ஆபரேஷன், ஒண்ணு விடாம. மூணு மணி நேரம்."

"காதலன்?"

"சத்தியமா நான் சொல்லல கார்னெட். அது அவங்க கட்டினது."

"அழகா இருப்பான்னு சொன்னது நீதான். நான் காதால கேட்டேன்."

"அம்மா சொல்லுவாங்க..."

"அம்மா எப்பச் சொன்னாங்க? பெரியம்மாவுக்கு முன்பல்லு ரெண்டும் கோணல். தோள் ஆம்பளத் தோள் மாதிரி. நான் பார்த்திருக்கேன்."

வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. பெரியம்மாவைப் பார்த்தவர்கள் யாருமே உயிரோடு இல்லை என்றுதான் அறுபது வயதுவரை நான் நினைத்திருந்தேன்.

"எப்போ?"

"அறுபத்தேழாம் வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயசு. அம்மா பஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. சலவைக்கூடத்துலேருந்து கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. அம்மாவைப் பார்த்து, புகையிலை கொண்டுவந்தியான்னு கேட்டா. அம்மா கொண்டுவரல. சரின்னுட்டா. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தா. என் முழங்கையைத் தொட்டுப் பார்த்து, இவன் இளைப்பா இருக்கானேன்னு சொன்னா. அப்புறம் வேலை கிடக்குன்னு எழுந்து போயிட்டா. அழல. அவ அழுது நான் பார்க்கல. அம்மாதான் வீடு வர்ற வரைக்கும் பஸ்ல அழுதுக்கிட்டே வந்தாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?"

"நீ சின்னப்புள்ள, சொல்லாதேன்னாங்க அம்மா. அப்புறம் சொல்லத் தோணல." என் பக்கம் திரும்பினான். "சொல்லியிருந்தா அதையும் கேக்கோட சேத்து அந்தப் பொண்ணுக்குப் பரிமாறியிருப்ப."

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. பெரியம்மா அழகு என்று அம்மா சொன்னதே இல்லை. ஸ்லோன் கண்ணை அகல விரித்து, "ரொம்ப அழகா இருந்திருப்பாங்க, இல்ல?" என்று கேட்டாள். ஒரு புகைப்படம்கூடப் பார்த்திராத நான், அவள் ஆசையைக் கெடுப்பானேன் என்று ஆமாம் போட்டு, அம்மா சொன்னதாகவும் சேர்த்துச் சொன்னேன். சிரித்தும் வைத்தேன்.

"அடுத்து வரப்போறது என்ன தெரியுமா நண்பர்களே? ஐஸ்கிரீம்!" என்றான் ரஸ்டி. எதை அமுக்கினாலும் அவன் நிற்கவில்லை. கார்னெட் போனைப் பிடுங்கி, சாண்ட்விச் டப்பாவுக்குள் போட்டு மூடினான். அங்கிருந்தும் ரஸ்டி முணுமுணுவென்று பேசிக்கொண்டே வந்தான். சாண்ட்விச்சை நாங்கள் தொடவில்லை.

அன்று மாலையே அந்தக் கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம். நடந்தது இது, நீங்கள் சொல்வது இது, ஒன்று உண்மையைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். ஸ்லோனுக்குத் தனியாக எழுதினேன். அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. கம்பெனியின் பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. மிகவும் மரியாதையான கடிதம். என் உணர்வுகளை மதிக்கிறார்களாம். இந்த நிறுத்தம்தான் பயணிகளுக்கு மிகவும் பிடித்தது என்பதால் கதையை எடுக்க இயலாதாம். ஆனாலும் எங்கள் குடும்பத்தின் மனம் புண்படாதிருக்க, பெண்ணின் பெயரை லில்லி என்று மாற்றிவிட்டார்கள். டோவல் என்ற பெயரையும் என் குரலையும் நீக்கிவிட்டார்கள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அச்சடித்து எடுத்துக்கொண்டு கார்னெட் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடரியைக் கட்டையில் குத்திவைத்துவிட்டு, கடிதத்தைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து இரண்டு முறை படித்தான்.

"டோவல் பேரும் போச்சா?"

"போச்சு. மலையில ஒரு குடும்பம்னு மட்டும் சொல்றாங்க."

"அந்த அழுகை?"

"அது இருக்கு."

கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தான். "அந்தப் பிள்ளைங்க கத்தினப்போ எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது வோண்டா. ஆனா ராத்திரி படுத்து யோசிச்சுப் பார்த்தேன். எண்பத்தாறு வருஷமா அந்த இடத்துல யாரும் அவ பேரைச் சொன்னதில்ல. அன்னிக்குத்தான் சொன்னாங்க. பொய்யாச் சொன்னாங்க, பல்லை இளிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. ஆனா அவ பேரைத்தான் சொன்னாங்க. நீ எழுதிப் போட்டு அதையும் எடுத்துட்ட."

"அப்போ நான் என்னதான் பண்ணியிருக்கணும்?"

"தெரியல. தெரிஞ்சிருந்தா நானே பண்ணியிருப்பேன்."

கோடரியை எடுத்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். போ என்றும் சொல்லவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தான். பன்றித்தொடையில் உப்பு தூக்கல் என்றான். தேவாலயக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினான். மேஜையில் நாங்கள் இரண்டு பேர்தான். பெரியம்மாவின் குரல் எப்படி இருந்தது, அந்தப் பத்து நிமிஷத்தில் வேறு என்ன சொன்னாள், அம்மாவின் சாயல் இருந்ததா என்றெல்லாம் கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவன் சொல்லமாட்டான். என்னிடம் ஒன்றைச் சொன்னால் அது எங்கே போய் எப்படி முடியும் என்று அவன் ஒருமுறை பார்த்துவிட்டான். இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு வைக்கட்டுமா என்று கேட்டேன். போதும் என்றான்.